நேரம் போடாத போஸ்டர்

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ‘ஸ்கேல் அக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். பன்னிரண்டு வருஷமாக அங்கே போஸ்டர் வடிவமைப்பவள். கம்ப்யூட்டர் வந்த பிறகும் கையில் ஓர் இரும்பு ஸ்கேல் இல்லாமல் அவளைப் பார்க்க முடியாது. அச்சுக்குப் போகும் தாளில் அதை வைத்து, கடைசி வரியிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு வரியாகச் சரிபார்ப்பாள். மேலிருந்து படித்தால் கண் தெரிந்ததையெல்லாம் தாண்டி ஓடிவிடுமாம். அப்படி அவள் பிடித்த தப்புகள் கொஞ்சமா நஞ்சமா!

அவள் நிம்மதிக்கு உலை வைக்க வந்தவள் வேறு யாருமில்லை, சொந்தத் தம்பியின் மனைவி. கொடுமை என்னவென்றால், சிபாரிசு செய்து வேலையில் சேர்த்துவிட்டதே இவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து கூடமாட ஒத்தாசையாக இருப்பாள் என்று நினைத்தாள். ஆறே மாதத்தில் டாக்டர்கள், “சின்னவங்க இல்லையா?” என்று கேட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்கள். பெரியவள் ஒருத்தி அங்கே குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருப்பது யார் கண்ணிலும் படவில்லை.

இலவசக் கண் பரிசோதனை முகாமுக்குப் போஸ்டர் வேண்டும் என்றார் பெரிய டாக்டர். ஆளுக்கொன்று செய்யச் சொன்னார். யாருடையது நன்றாக இருக்கிறதோ, அவர்தான் இனி எல்லாப் போஸ்டரும் செய்வார். மற்றவர் கூட இருந்து உதவ வேண்டும். ஸ்கேல் அக்கா அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

இரண்டையும் நீள வராந்தாவின் ஒரு கோடியில் ஒட்டிவிட்டு மறுகோடியில் போய் நின்றார் டாக்டர். இவளுடையதில் பெரிய கண் படம், நாலு கலர், டாக்டர்களின் பட்டங்கள் உட்படப் பதினோரு வரி. சின்னவளுடையதில் மஞ்சளில் கறுப்பாக, ‘கண் மங்கலா? வர்ற ஞாயிறு வாங்க’. கீழே ஆஸ்பத்திரிப் பெயர், ஓர் அம்புக்குறி. முடிந்தது கதை.

“உங்களோடதுல படம் தெரியுது, எழுத்து தெரியலையேம்மா.”

“கிட்ட வந்து படிப்பாங்க டாக்டர்.”

“கண்ணு தெரியாதவங்க எவ்வளவு கிட்ட வருவாங்க?”

நர்ஸ் ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். ஸ்கேல் அக்காவுக்கு உள்ளங்கால் முதல் உச்சந்தலை வரை பற்றிக்கொண்டு வந்தது. சின்னவளுடையதே அச்சுக்குப் போகட்டும் என்றார் டாக்டர். சின்னவளோ பக்கத்தில் வந்து, “எல்லாம் நீங்க சொல்லிக் குடுத்ததுதான் அண்ணி. அச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு தடவை ஸ்கேல் வச்சுப் பாத்துடுங்களேன்” என்று தாளை நீட்டினாள்.

வைத்தாள். கீழிருந்து மேலே. அம்புக்குறி சரி, பெயர் சரி, கிழமை சரி. நேரம்? நேரத்தையே காணோம்! ஸ்கேல் வைத்த கை ஒரு கணம் அங்கேயே நின்றது. முகாம் பத்து மணிக்கு என்பது அங்கே வேலை செய்யும் அத்தனை பேருக்கும் மனப்பாடம். அதனால் பெரிய டாக்டர் உட்பட ஒருத்தரும் அதைத் தேடவில்லை.

என்ன குடி முழுகிவிடப்போகிறது? நாலு பேர் சீக்கிரம் வந்து காத்துக் கிடப்பார்கள். சின்னவளுக்கும் டாக்டரிடம் ஒருமுறை நன்றாகத் திட்டு விழட்டும். எத்தனை நாள்தான் நானே கேட்டுக்கொண்டிருப்பது?

“சரியாத்தான் இருக்கு” என்று தாளைத் திருப்பிக் கொடுத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை வேடிக்கை பார்க்கவென்றே ஒன்பது மணிக்குப் போனாள். பூட்டிய கேட்டுக்கு வெளியே தெருமுனை வரை கூட்டம். விடியற்காலையிலிருந்து நிற்கிறார்கள், வெயில் ஏறிவிட்டது. வாட்ச்மேனை ஆளாளுக்குப் பிடித்துத் திட்டிக்கொண்டிருந்தார்கள். உள்ளே அவளுக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது.

அப்புறம்தான் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவைப் பார்த்தாள். நாலு தெரு தள்ளித் தனியாக இருக்கிறவள்.

“அம்மா! நீ எங்க இங்க? எனக்கு ஒரு போன் போடக் கூடாதா?”

“எதுக்குடி? பஸ் ஸ்டாப்புல ஒட்டியிருந்துச்சு. நானே படிச்சேன், நானே வந்துட்டேன். அஞ்சரை மணிக்கே!” அம்மாவின் உதடு காய்ந்திருந்தது. முகத்தில் மட்டும் அப்படியொரு பெருமை. “உன் தம்பி பொண்டாட்டி போட்டதாமே? எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா, நானா ஒண்ணைப் படிச்சு!”

“என்னோடதெல்லாம் பாத்து ஜோரா இருக்குன்னு சொல்வியே.”

“நீ ஆசையா கொண்டாந்து காட்டுவே. மனசு நோகக் கூடாதேன்னு சொல்லுவேன். எனக்கு ஒரு எழுத்தும் தெரிஞ்சதில்ல.”

அதற்குள் சின்னவள் தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்தாள். டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு, அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. “மன்னிச்சுக்குங்க அத்தை, நேரம் போட மறந்துட்டேன்.”

அம்மா தண்ணீரைக் குடித்துவிட்டு மருமகளின் கையைப் பிடித்துக்கொண்டாள். “அழாதம்மா. ஒரு தடவை இவகிட்ட காட்டியிருந்தா கண்டுபுடிச்சுச் சொல்லியிருப்பாளே. அவ கண்ணுக்கு எதுவும் தப்பாது.”

சின்னவள் நிமிர்ந்து ஸ்கேல் அக்காவைப் பார்த்தாள். அந்தப் பார்வையில், ஸ்கேலை வைத்த கை எந்த இடத்தில் நின்றது என்பது வரைக்கும் இருந்தது.

“ஆமா அத்தை,” என்றாள். “அண்ணிகிட்ட காட்டாம விட்டுட்டேன்.”

அம்மாவைப் பிடித்துக் கேட்டுக்குள் அழைத்துப் போனதும் சின்னவள்தான். பின்னால் நின்ற ஸ்கேல் அக்காவுக்கு அப்போதும் வயிறு எரிந்தது. அந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்துவிட்டதே என்று எரிந்தது.