குதிகால் மட்டும் விழுந்த படம்

சிவகாசிப் பக்கம் எங்கள் ஊரில் பொங்கல் விளையாட்டுக்கு நான்தான் போட்டோ எடுப்பேன். ஓடுகிற பாம்பை மிதிக்கிறவள் என்பார்களே, பக்கத்து வீட்டுச் செல்வி அப்படி. ஓட்டப் பந்தயத்தில் சிரித்துக்கொண்டே முதலாவதாக வந்தாள். என் பழைய கேமரா, பொத்தானை அழுத்திக் கொஞ்சம் கழித்துத்தான் படம் பிடிக்கும். முன்னதாகவே பாதி அழுத்தி வைத்திருக்க வேண்டும். தெரிந்தும் வேடிக்கை பார்த்துவிட்டேன். படத்தில் அவள் குதிகாலும் புழுதியும்தான் விழுந்தன. செல்வி வந்து எட்டிப் பார்த்தாள்.

“ஏண்ணே, கல்யாணம் முடிஞ்சப்புறம் பந்தக்கால் நடுற கேமராவால்ல இருக்கு! சரி, நிக்க வச்சாவது ஒண்ணு எடுங்க.”

எல்லாரும் சிரித்ததில் எனக்கு ரோஷம் வந்துவிட்டது. “அடுத்த பொங்கலுக்குப் பாப்போம், போம்மா” என்றேன்.

சித்திரையில், வேலை பார்த்த பட்டாசுக் கம்பெனி வெடித்ததில் செல்வி போய்விட்டாள். கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்குப் படம் கேட்டு அவள் புருஷன் வந்தான்.

“ஆதார் படத்துல யாரோ மாதிரி இருக்காண்ணே. அன்னைக்கு ஓடியாரப்ப சிரிச்சாள்ல, அது வேணும்.”

கேமராவைக் காட்டினேன். போனில் தள்ளுவதுபோல் அந்தத் திரையை விரலால் தள்ளிப் பார்த்தான்.

“கொஞ்சம் அங்கிட்டு நகத்துங்கண்ணே. மூஞ்சி அங்கனதான இருக்கும்?”

ஓடும்போது தவறியதற்குக் கேமராவைக் குற்றம் சொல்லலாம். அவள் என் எதிரில் நின்று கேட்டும் நான் எடுக்கவில்லை.