சுவருக்கு ஒன்றுமில்லை

உறவினர் எவர் வீட்டிலாவது சுவர் உப்புப் பூத்தால்தான் பெயின்ட் அக்காவின் கைப்பேசி ஒலிக்கும். பெயின்ட் அக்கா என்பது அவருடைய இயற்பெயரன்று. ஆயினும் உடன்பிறந்த தம்பி முதல் ஒன்றுவிட்ட சித்தப்பா மகன் வரை எல்லாருடைய கைப்பேசியிலும் அவருடைய எண் அந்தப் பெயரில்தான் இருந்தது. வயதில் மூத்தவர்கள்கூட, "பெயின்ட் அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுடுங்க" என்றே சொல்லிப் பழகியிருந்தனர்.

அவர் பெயின்ட் விற்பவரும் அல்லர், அடிப்பவரும் அல்லர். பெயின்ட் நிறுவனம் ஒன்று கடலை ஒட்டி வேலியிட்டு வைத்திருந்த சோதனைத் திடலின் பொறுப்பாளர். திடல் முழுவதும் இரும்புச் சட்டங்கள். அவற்றில் பெயின்ட் பூசிய சிமென்ட் அட்டைகள் சாய்வாகக் கடலைப் பார்த்தபடி வரிசை வரிசையாகப் பொருத்தப்பட்டிருக்கும். ஒவ்வோர் அட்டையின் கீழ்ப்பகுதியையும் ஒரு தகடு மூடியிருக்கும். திறந்த பகுதியை வெயிலும் உப்புக்காற்றும் தின்னும்; மூடிய பகுதி பூசிய அன்று இருந்தபடியே இருக்கும். தகட்டை நகர்த்தி இரண்டையும் ஒப்பிட்டால் எவ்வளவு நிறம் போயிற்று என்பது தெரிந்துவிடும். பிறகு கறுப்புத் துணியால் அட்டையை அழுத்தித் துடைத்து, துணியில் எவ்வளவு தூள் ஒட்டுகிறது என்று பார்ப்பார். தேய்ந்துபோன பெயின்ட் மாவு மாதிரி உதிரும். நல்ல பெயின்ட் துணியில் எதையும் விடாது. இவற்றையெல்லாம் முறைப்படி எழுதித் தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவார். "கிடைத்தது" என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரும்.

சாலைப் பக்க வாசலில் ஒரு காவலாளி இருந்தார். நாள் முழுவதும் அக்காவோடு பேசக்கூடிய ஒரே மனிதர் அவர்தான். அவரும் பெரும்பாலும் கைப்பேசியில் வேறு யாரிடமாவது பேசிக்கொண்டிருப்பார்.

"ஒரு நாள் லீவு போட்டாத்தான் என்ன மேடம்? அட்டையெல்லாம் எழுந்து ஓடிடுமா?"

"ஓடாது. நான் பார்க்காதப்போ வெளுத்துடும்."

"நீங்க பார்க்கறப்பவும் வெளுத்துக்கிட்டுத்தானே இருக்கு?"

அக்கா கறுப்புத் துணியை உதறி மடித்தார். அடுத்த சட்டத்துக்குப் போய்விட்டார்.

இரும்புக் கடை ஒன்றின் மேல்மாடியில் ஓர் அறையும் சமையலறையும் அவருடைய வீடு. இரண்டு நாற்காலிகள் இருந்தன. ஒன்றில் அவர் உட்காருவார். மற்றொன்றில் துவைத்து மடித்த துணிகள் இருக்கும். திருமணம் ஏன் நடக்கவில்லை என்பது குறித்துக் குடும்பத்தில் பல விளக்கங்கள் வழங்கிவந்தன. ஒன்றோடொன்று பொருந்தாத அவற்றை இங்கே தொகுப்பதால் பயனில்லை. அவரிடமே கேட்டவர் யாரும் இல்லை என்பது மட்டும் உறுதி.

யாராவது தொலைபேசியில் ஆலோசனை கேட்டால், "சுவரைப் பார்க்காம எதையும் சொல்ல மாட்டேன்" என்பது அவருடைய நிலையான விடை. இதற்கு அவர் கூறிய காரணம் தொழில் சார்ந்தது. கடலைப் பார்த்த சுவருக்கு ஒரு நோய், நிழற்பக்கச் சுவருக்கு வேறொரு நோய். முன்னதில் உப்புப் பொரியும், பின்னதில் பாசி படரும். இரண்டையும் நேரில் காணாமல் பெயின்டைச் சொல்வது தகாது. கூறாத காரணம் ஒன்றும் இருந்தது. நேரில் போனால் மதியச் சாப்பாட்டுக்கு இருக்கச் சொல்வார்கள். பிள்ளைகள் சுற்றி நிற்பார்கள். அக்கா சுவரைத் தடவுவதைப் பார்த்து யாராவது கேலி பேசுவார்கள். திரும்பும் பேருந்தில் அந்தக் கேலியை நினைத்து அவர் தனியே சிரித்துக்கொள்வார்.

அந்த நாட்களில் எல்லாரும் மலிவான பெயின்டையே அடித்தனர். அது மூன்று ஆண்டுக்கு மேல் தாங்காது. ஆகவே ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து அழைப்பு வந்துகொண்டே இருந்தது. பிறகு நிறுவனம் புதிய வகை ஒன்றைக் கொண்டுவந்தது. பத்து ஆண்டு உறுதியாக நிற்கும் என்பதை அந்தத் திடலில், அந்த வெயிலில் நின்று பார்த்து எழுதியவர் அக்காதான். எழுதியதை நம்பியதால், கேட்டவர்களுக்கெல்லாம் அதையே சொன்னார். பெரியப்பா மகள் வீட்டில் அடித்தார்கள். சித்தப்பா மகன் வீட்டிலும், அதற்கடுத்த தெருவிலிருந்த அத்தை வீட்டிலும் அடித்தார்கள்.

ஒவ்வொரு வீடாக அழைப்பு நின்றது.

காரணம் அவருக்கு உடனே புரியவில்லை. எல்லாருக்கும் வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டார். ஒரு நாள் பேருந்து சித்தப்பா மகனின் தெரு வழியாகப் போனபோது, சன்னலோரம் இருந்த அவர் அந்த வீட்டின் கடற்பக்கச் சுவரைப் பார்த்தார். ஒரு பொரி இல்லை, ஒரு கறை இல்லை. முதலில் பெருமையாக இருந்தது. வீடு பார்வையிலிருந்து மறைந்த பிறகு, அந்தச் சுவர் இப்படியே இருக்கும் வரையில் அந்த வாசலில் தமக்கு வேலை இல்லை என்பது விளங்கியது.

பழைய பெயின்டோடு எஞ்சியிருந்தது தம்பியின் வீடு ஒன்றுதான். அங்கிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நல்லா இருக்கியா?"

"இருக்கேன். எந்தப் பக்கம்?"

"என்னது எந்தப் பக்கம்?"

"சுவர்தான்."

தம்பி சிரித்துவிட்டார். "கடல் பக்கம். சன்னலுக்குக் கீழே பொடுகு உதிர்ற மாதிரி உதிருது. ஞாயித்துக்கிழமை வாயேன்."

ஞாயிறன்று வாசலில் தம்பியின் மனைவி வரவேற்றார். "வாங்கக்கா, முதல்ல உள்ள வந்து ஒரு டீ குடிங்க."

"வெளிச்சம் நல்லா இருக்கறப்பவே பார்த்துடறேன்மா."

வழக்கம்போல் அக்கா பக்கவாட்டுச் சந்து வழியே நேராகச் சுவருக்குப் போனார். தம்பியும் கல்லூரிக்குப் போகும் அவருடைய மகளும் பின்னால் வந்தனர்.

"டாக்டர் வந்தாச்சு. சுவரே, நாக்கை நீட்டு" என்றார் தம்பி.

"நாக்கு ஏற்கெனவே வெளிய வந்துடுச்சுப்பா. செங்கல் தெரியுது பாருங்க" என்றாள் மகள். "அத்தை, கரு நீலம் அடிக்கலாமா? கடலுக்கு மேட்ச்சா இருக்கும்."

"ரெண்டு கோடை தாங்கும். அப்புறம் துவைச்சுத் துவைச்சுப் போட்ட ஜீன்ஸ் மாதிரி ஆயிடும்."

"இப்போ அதுதான் அத்தை ஃபேஷன்!"

"பேசாம வெள்ளையே அடிச்சுடலாம்" என்றார் தம்பி.

"சன்னல் கம்பியிலேர்ந்து துரு வழியும். வீடு அழுத மாதிரி இருக்கும்." அக்கா விரலால் சுவரைத் தேய்த்து, விரலைத் தம்பியிடம் காட்டினார். "மணல் நிறம் எடு. கொஞ்சம் சாம்பல் கலந்தது. உப்பு படிஞ்சாலும் உறுத்தாது, வெளுத்தாலும் திட்டுத் திட்டாத் தெரியாது."

நிறம் முடிவாயிற்று. எந்த வகை என்பது பாக்கி இருந்தது.

"கடைக்காரர் ரெண்டு சொன்னார்" என்றார் தம்பி. "ஒண்ணு மூணு வருஷம், ஒண்ணு பத்து வருஷம். மேல ஒரு மாடி எடுத்தாலும் எடுப்போம். எடுத்தா எப்படியும் எல்லாத்தையும் திரும்ப அடிக்கணும். அதனால நீயே சொல்லு. நீ சொல்றதுதான், மறுபேச்சு கிடையாது."

தேநீரோடு வந்த மனைவி இதைக் கேட்டுவிட்டார். "இவர் மாடி மாடின்னு சொல்ல ஆரம்பிச்சப்போ இவ பிறக்கவே இல்லைக்கா."

எல்லாரும் சிரித்தனர். அக்கா சிரிக்கவில்லை. தேநீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "நாளைக்குச் சொல்றேன்" என்றார்.

"நீயா? பார்த்த உடனே சொல்லிடுவியே!"

"நாளைக்குச் சொல்றேன்டா."

மறுநாள் திடலில் அந்த இரண்டு வகைகளும் அடுத்தடுத்த சட்டங்களில் இருந்தன. அக்கா அவற்றின் நடுவே நின்றார். மூன்று ஆண்டு வகையைச் சொன்னால் அது பொய்யாகாது. மாடி எடுக்கப் போகிறவருக்கு மலிவானதைச் சொல்வதை எந்தக் கடைக்காரரும் தவறென்று சொல்லமாட்டார். மூன்று ஆண்டு கழித்துச் சுவர் உதிரும், தம்பி அழைப்பார், தம்பி மகள் ஊரில் இருந்தால் பக்கத்தில் நின்று வம்பு பேசுவாள். பத்து ஆண்டு வகையைச் சொன்னால் கடைசி வீடும் வாயடைத்துவிடும். தம்பி மாடி எடுக்கமாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். அது மட்டும் தெரியாதிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

மூன்று ஆண்டு வகையின் அட்டையைப் பார்த்தார். வலப்பக்க ஓரம் முழுவதும் பொரிந்து, கீறல்களுக்குள் உப்பு வெள்ளையாக உறைந்திருந்தது. அதைத் தம்பியின் வீட்டுச் சுவராக நினைத்துப் பார்க்க முயன்றார், முடியவில்லை. உதிரும் என்று தெரிந்தே ஒன்றைப் பூசச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

தம்பியை அழைத்தார். "பத்து வருஷம் நிக்கறதையே எடு. முதல்ல நல்ல தண்ணி விட்டுக் கழுவு, உப்பு முழுக்கப் போகணும். பொரிஞ்சதைச் சுரண்டிடு. நல்லாக் காயட்டும், அவசரப்படாதே. அப்புறம் ப்ரைமர் ஒரு கோட்டு, பெயின்ட் ரெண்டு கோட்டு."

"அவ்வளவுதானே? அப்போ பத்து வருஷத்துக்கு உனக்குத் தொல்லை இல்லை!"

"ஆமா" என்றார் அக்கா. பிறகு, "வருஷத்துக்கு ஒரு தடவை உப்பைக் கழுவி விடணும். கழுவினதும் எங்கயாவது விரிசல் விட்டிருக்கான்னு பார்க்கணும். நான் வந்து…" என்றார்.

"அதுக்குப் போய் நீ எதுக்குக்கா ரெண்டு பஸ் மாறி அலையணும்? நானே பைப்பு வெச்சு அடிச்சுட்டு போட்டோ எடுத்து அனுப்பிடறேன்."

அதில் துளியும் கள்ளம் இல்லை. அக்காவை அலைக்கழிக்கக் கூடாது என்பதே தம்பியின் எண்ணம். வாக்குத் தவறவும் இல்லை. ஆண்டுதோறும் சுவரைக் கழுவினார். ஆண்டுதோறும் படம் வந்தது. படத்தில் சுவர் மட்டும் இருந்தது. அக்கா அதைப் பெரிதாக்கி ஓரங்களில் தேடுவார். ஒரு முறை சைக்கிளின் பின்சக்கரம் தெரிந்தது. ஒரு முறை கொடியில் காய்ந்த துண்டின் நுனி. தம்பி மகள் மேற்படிப்புக்கு வெளியூர் போன பின், அவள் அறையின் சன்னல் எப்போதும் சாத்தியிருந்தது. "நல்லா இருக்கு" என்று பதில் எழுதுவார்.

மூன்றாம் ஆண்டு படம் வந்தபோது அவர் வேறு விதமாக எழுதினார்: "படத்துல சரியாத் தெரியல. நேர்ல பார்த்தாத்தான் சொல்ல முடியும்." படம் மிகத் தெளிவாக இருந்தது.

சிறிது நேரத்தில் வேறு ஆறேழு படங்கள் வந்தன. தம்பி ஏணி போட்டு ஏறி, ஒவ்வொரு மூலையையும் கிட்டத்தில் எடுத்திருந்தார். சிரமப்பட்டு எடுத்தது தெரிந்தது. "இப்போ தெரியுதா அக்கா?"

"தெரியுது" என்று எழுதுவதைத் தவிர அவருக்கு வழியில்லை.

அடுத்த ஞாயிறு, யாரும் அழைக்காமல், அவர் இரண்டு பேருந்து மாறித் தம்பி வீட்டு வாசலில் போய் நின்றார். சந்துப் பக்கம் திரும்பவில்லை. அழைப்பு மணியை அழுத்தினார்.

கதவைத் திறந்த தம்பியின் மனைவி திகைத்துப் போனார். "என்னக்கா, சொல்லாமக் கொள்ளாம! சுவர்ல ஏதாவது…?"

"சுவருக்கு ஒண்ணுமில்லம்மா."

"உங்களுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"எனக்கும் ஒண்ணுமில்ல."

உள்ளிருந்து வந்த தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "போட்டோவுல ஏதோ பார்த்திருக்கா. என்கிட்டச் சொல்லத் தயங்கறா" என்று மனைவியிடம் சொல்லிக்கொண்டே செருப்பை மாட்டிச் சந்துக்குள் போய்விட்டார். ஏணி சுவரில் உரசும் ஓசை கேட்டது.

கூடத்தில் அக்காவை உட்கார வைத்துவிட்டு, அவருக்கு எதிரில் தம்பியின் மனைவியும் உட்கார்ந்தார். இருவரும் இதுவரை பேசியதெல்லாம் சுவரை முன்னிட்டுத்தான். அக்கா கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். உட்சுவர் வெளிர் பச்சையாக இருந்தது. இத்தனை ஆண்டுகளில் அதை அவர் கவனித்ததே இல்லை.

அவர் பார்வை போன இடத்தைப் பார்த்து, "இந்தக் கலர் எப்படிக்கா? மாத்திடலாமா?" என்று கேட்டார் தம்பியின் மனைவி. பேச ஒன்று கிடைத்த ஆறுதல் அவர் குரலில் இருந்தது.

"உள்ள அடிக்கறதைப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாதும்மா. அழகா இருக்கு."

வெளியே ஏணி இடம் மாறியது. மின்விசிறி சுழன்றது. தம்பியின் மனைவி எழுந்து டீ போடப் போனார்.

தம்பி கைகளைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். "நாலு பக்கமும் பார்த்துட்டேன். ஒரு குறையும் இல்லையேக்கா!"

"நான்தான் சொன்னேனே."

"அப்போ எதுக்கு வந்தே?"

அவர் குரலில் கடுமை இல்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். அக்கா மடியிலிருந்த பையின் வாரை ஒரு சுற்றுச் சுற்றி விட்டார்.

"சும்மாதான்."

தம்பி நின்ற இடத்திலேயே நின்றார். சமையலறைப் பக்கம் ஒரு முறை பார்த்தார். பிறகு ஒரு நாற்காலியை இழுத்து அக்காவுக்குப் பக்கத்தில் போட்டார்.

"சரி… உக்காரு" என்றார், ஏற்கெனவே உட்கார்ந்திருந்தவரிடம்.