சுல்தானைச் சுமப்பவர்

ரொட்டிக்கடை வரிசையில் தன் முறை வருவதற்கு வெகுமுன்பே கெர்னோட் மேல்கோட்டின் பொத்தான்களைக் கழற்றத் தொடங்கிவிடுகிறார். ஊரே கழுத்துவரை போர்த்திக்கொண்டு நடக்கும் நவம்பர் சனிக்கிழமைகளிலும் அப்படித்தான். கோட்டுக்குள்ளிருந்து சொரசொரப்பான ஒரு தலை எட்டிப் பார்க்கிறது. யாராவது ஒரு பெண்மணி திடுக்கிட்டுப் பின்வாங்கினால் கெர்னோட்டுக்குக் காலைப்பொழுது நிறைந்துவிடும். "பயப்படாதீங்கம்மா. நம்ம சுல்தான் ரொம்பச் சாது. பாலைவனத்துப் பிள்ளை" என்பார். ஒருவரும் பின்வாங்காத நாட்களில் சற்றே இருமி, பார்வைகளைத் தன் பக்கம் வரவழைத்துக்கொள்வார்.

அந்தப் பாலைவனத்துப் பிள்ளை முட்டையை விட்டு வெளியே வந்தது பக்கத்து ஊரில், ஒரு பல் மருத்துவரின் நிலவறையில். அதன் முன்னோர்கள் ஆஸ்திரேலியர்கள். தாடையின் கீழ் தாடிபோல முட்கள். நம் வேலியோரத்து ஓணானுக்குக் கொஞ்சம் வசதியான சொந்தக்காரன், அவ்வளவுதான். அதன் கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் பிரமிடுகளை நட்டு வைத்திருக்கிறார் கெர்னோட். ஆஸ்திரேலியாவில் பிரமிடு ஏது என்று ஒருமுறை கேட்டேன். "பாலைவனம்னா எல்லாம் ஒண்ணுதாங்க. மணல்தானே" என்றார். அவர் பார்த்த ஒரே பாலைவனம் துனீசியாவில், ஏசி பேருந்தின் ஜன்னல் வழியாக. கீழே இறங்கவில்லை. காலணிக்குள் மணல் போகுமாம்.

தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. எங்கள் காசல் நகரத்து மேடுகளில் மாணவர்கள் வியர்க்க விறுவிறுக்க கியர் மாற்றிக்கொண்டிருக்கும்போது, பக்கத்து இருக்கையில் இவர் ஓணான்களின் மனநிலையைப் பற்றி விளக்கிக்கொண்டிருப்பார். தேர்வில் தோற்று அழுத ஒரு பெண்ணிடம், சுல்தானிடம் பொறுமையைக் கற்றுக்கொள்ளச் சொன்னாராம்.

ஓணான் வளர்ப்பில் அவர் பங்கு புகைப்படம் எடுப்பதோடு முடிகிறது. தீனிக்கான சில்வண்டுகளை வளர்ப்பது, கீரை நறுக்குவது, எச்சத்தை அள்ளுவது எல்லாம் மனைவி வீப்கேயின் வேலை. தப்பித்த சில்வண்டுகள் கீழ்வீட்டில் என் குளியலறைக்கு வந்து பாடுகின்றன. புகார் சொன்னால், "கோடைகால உணர்வு, இலவசமா" என்பார்.

போன வசந்தத்தில் ஒரு கண்காட்சிக்குப் போனவர், இன்னொரு குட்டி ஓணானோடு திரும்பினார். சுல்தானுக்குத் துணை வேண்டுமாம். பேகம் என்று பெயரும் சூட்டியாயிற்று.

"அது தனியா வாழுற பிராணி, கெர்னோட். ரெண்டையும் ஒரே பெட்டியில போடாத" என்றாள் வீப்கே.

"நீ என்கூட இல்லையா? அதுவும் பழகிக்கும்."

போட்டார். சில நாட்களில் விளக்குக்குக் கீழே சுல்தான் பேகத்தின் முதுகில் ஏறிப் படுத்துக்கொண்டது. கட்டிப்பிடித்துத் தூங்குகின்றன என்று உருகிப்போனார் மனிதர். அந்தப் படத்தைப் பெரிதாக அச்சிட்டு ஓட்டுநர் பள்ளிச் சுவரில் மாட்டினார். எனக்கும் ஒரு பிரதி கிடைத்தது.

பேகம் சாப்பிடுவதை நிறுத்தியது. இடுப்பெலும்பு துருத்தியது. வால் நுனியில் கடிபட்ட காயம். வீப்கே தினமும் சொல்லிப் பார்த்தாள். பெண்பிள்ளை, உடம்பு பெருத்துவிடும் என்று கவலைப்படுகிறது என்று சிரித்தார் அவர்.

ஒரு செவ்வாய்க்கிழமை, அவர் வகுப்புக்குப் போயிருந்த நேரத்தில், வீப்கே என் கதவைத் தட்டினாள். மார்போடு ஒரு துண்டுச் சுருள், அதற்குள் வெந்நீர்ப் பை, அதன்மேல் பேகம். காரை எடுத்தேன்.

மருத்துவர் இளம்பெண். விரல்களால் வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னாள். சூடு கிடைக்காவிட்டால் இவற்றுக்குத் தின்றது செரிக்காது. பெரியது மேலே ஏறிப் படுப்பது அன்பினால் அல்ல. விளக்கின் சூடு முழுவதையும் தனக்கே எடுத்துக்கொள்வதற்காக. இன்னும் கொஞ்ச நாள் விட்டிருந்தால் செத்திருக்கும். அப்புறம், பேகம் ஆண்.

திரும்பும் வழியில், சிவப்பு விளக்கில் நின்றபோது, வீப்கே துண்டைப் பார்த்தபடியே சொன்னாள்:

"இனிமே இது மேல யாரும் ஏறி உக்காரக் கூடாது."

அன்றே தனிப் பெட்டியும் விளக்கும் வாங்கித் தன் தையல் அறையில் வைத்தாள். தன் படுக்கையையும் அங்கேயே மாற்றிக்கொண்டாள். கெர்னோட் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். பிறகு ரொட்டிக்கடையில், நோயைத் தானே கண்டுபிடித்து உயிரைக் காப்பாற்றிய கதையை ஆரம்பித்தார். வீட்டில் யார் படுக்கை எங்கே போனது என்பது அந்தக் கதையில் வரவில்லை. சுவரில் மாட்டிய படத்தையும் இறக்கவில்லை.

போன ஞாயிறு ஆப்பிள் கேக் சாப்பிட அக்கம்பக்கத்தாரான எங்களை அழைத்திருந்தார்கள். தான் காப்பாற்றிய ஜீவனை எல்லோரும் பார்க்க வேண்டும் என்று தையல் அறைக்குக் கூட்டிப்போனார். பேகம் நன்றாகத் தேறியிருந்தது. கெர்னோட் தன் பெரிய முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டிவைத்தார். ஓணான் உடம்பைத் தரையோடு தாழ்த்தி, முன்னங்கால் ஒன்றை மெல்லத் தூக்கி, காற்றில் ஒரு வட்டம் போட்டது.

"பாத்தீங்களா, என்னை அடையாளம் தெரிஞ்சு வணக்கம் சொல்லுது."

வாசலில் கேக் தட்டோடு நின்ற வீப்கே குரலை உயர்த்தவில்லை. "தன்னைவிடப் பெருசு கிட்ட வந்தா அப்படித்தான் கையத் தூக்கும். நான் சண்டைக்கு வரல, என்னை விட்டுடுன்னு அர்த்தம்."

பெட்டிக்குள் அந்தச் சின்னக் கை மறுபடியும் உயர்ந்தது. கெர்னோட் இன்னும் நெருங்கிக் குனிந்து, பல் தெரியச் சிரித்து, பதிலுக்குக் கையசைத்தார்.