சேஃப்டி ஷூவோடு மலை ஏறிய கதை

2006 டிசம்பரில் ஒரு ஞாயிறு. ஓசூரிலிருந்து ஆறு பேர் அஞ்செட்டிப் பக்கம் மலை ஏறப் போனோம். யோசனை கண்ணனுடையது.

கண்ணன் திருநெல்வேலிக்காரன், கம்பெனி அசெம்பிளி லைனில் என் பக்கத்தில் நின்று வேலை பார்த்தவன். குருபரப்பள்ளி அருகே பைக்கிலிருந்து விழுந்து காலில் பிளேட் வைத்த பிறகு ஸ்டோரில் உட்கார வைத்துவிட்டார்கள். ஷிஃப்ட் முழுக்க நின்று வேலை பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியும் அவனுக்கு நம்பிக்கை வரவில்லை. மலை ஏறி இறங்கினால் திங்கட்கிழமை மறுபடி லைன் வேலையைக் கேட்பது, பாதியில் திரும்பினால் வேலையை விட்டு ஊருக்கே போவது என்று முடிவு செய்திருந்தான். அவனைப் பார்த்துக்கொள்ளத்தான் நாங்கள் ஐந்து பேரும் கூடப் போனோம்.

காலை ஐந்தரை பஸ். தேன்கனிக்கோட்டை வழியாக ஐம்பது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வழிகாட்ட வந்த மாதேஷ் அங்கே மாடு மேய்ப்பவர். மலையின் பெயரைக் கேட்டால் 'பெட்டா' என்றார். கன்னடத்தில் மலை என்று அர்த்தம், அவ்வளவுதான்.

நாங்கள் ஐவரும் கம்பெனி கொடுத்த சேஃப்டி ஷூ போட்டிருந்தோம். விரல்மேல் இரும்புக் கவசம் வைத்த அந்த ஷூவைக் கல்யாணத்துக்கே போட்டுப் போகிற கூட்டம் நாங்கள், மலைக்குக் கேட்க வேண்டுமா? கனம் தாங்காதென்று கண்ணன் மட்டும் கேன்வாஸ் ஷூவில் வந்தான். ஸ்கூல் டூர் போகிறாயா என்று வழியெல்லாம் ஓட்டினோம்.

ஏற்றம் ஆறு கிலோமீட்டர். கடைசி ஒரு கிலோமீட்டர் கையை ஊன்றித்தான் ஏற வேண்டும். அங்கே கண்ணன் பாறைமேல் உட்கார்ந்துவிட்டான். முகம் வெளுத்திருந்தது. எனக்குப் பயம் வந்துவிட்டது. திரும்பிவிடலாம் என்று சொல்ல வாயெடுத்தேன், அதற்குள் எழுந்துவிட்டான். பன்னிரண்டரைக்கு உச்சி. காவிரிப் பக்கம் வரை காடு தெரிந்தது.

"வலிக்கி மாப்ள. ஆனா தாங்குது" என்றான்.

வினை இறக்கத்தில் காத்திருந்தது. ஒவ்வொரு அடிக்கும் கால் முன்னால் சரிந்து விரல்கள் இரும்பில் மோதின. அரை மணியில் ஐந்து பேரும் நொண்டினோம். ஷூவைக் கழற்றிவிட்டு சாக்ஸோடு, முள்ளுக்குப் பயந்து பயந்து இறங்கினோம். மாதேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு ஜோடியைச் சுமந்தார். என் ஷூவைக் கண்ணன் வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். கனமாக இருக்கும், கொடு என்றேன்.

"லைன்ல இதவிடக் கனம் தூக்கணும்லா" என்று முன்னால் நடந்தான். மலையைவிட அந்த நடையைப் பார்த்ததுதான் எனக்குச் சந்தோஷம்.

போக நினைப்பவர்களுக்கு: வனத்துறையிடம் முன்பே அனுமதி வாங்குங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும். பஸ் குறைவு, திரும்பும் நேரத்தைக் காலையிலேயே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். ஷூ லேசாக இருக்கட்டும், இதற்குமேல் விளக்க வேண்டாம்.

திங்கட்கிழமை காலை கறுத்த நகங்களோடு ஐவரும் ஃபர்ஸ்ட் எய்டு ரூம் வாசலில் வரிசையாக உட்கார்ந்திருந்தோம். அந்தப் பக்கம் வந்த கண்ணன் எங்கள் கால்களைப் பார்த்தான், ஆனால் நிற்கவில்லை.

"லைன் ஓடப்போவுது, சீக்கிரம் வாங்கலே" என்று சொல்லிவிட்டுப் போனான்.