வெள்ளத்துக்கு அழைப்பு: கொட்டாரத்திலிருந்து திருவட்டாறுக்கு ஒரு தாம்பூலத் தட்டு

திருவட்டாறு ஆதிகேசவப் பெருமாளைப் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருட ஆசை. இந்தப் புரட்டாசிக் கடைசியில் திருவட்டாறு போனேன். பெருமாளைப் பார்க்கவில்லை. கோவில் தகவலுக்காக மட்டும் வந்தவர்கள் நேராகக் கடைசிக்குப் போய்விடுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

என்னைக் கிளப்பியது அக்கா மகள் சுபா. அக்காவை நாஞ்சில் நாட்டில், கொட்டாரத்துக்குப் பக்கத்து நெல்வயல் கிராமம் ஒன்றில் கட்டிக்கொடுத்திருக்கிறது. ஊர்ப் பெயரைப் போட்டால் அக்கா என்னை வீட்டுக்குள் விடமாட்டாள். சுபாவுக்கு இருபத்தொன்று, கல்லூரி முடித்துவிட்டு நாகர்கோவிலில் தேர்வுக்குப் படிக்கிறாள். போனில், "சித்தி, ஒரு வீட்டுக்குப் போய் விளிக்கணும். ஒத்தையில போவப்பிடாது. அம்மைக்கு முட்டுவலி. நீங்க வருவியளா?" என்றாள். விளிப்பது என்றால் அந்தப் பக்கத்தில் அழைப்பது. கல்யாணம் என்ன, சடங்கு என்ன, பெரியவர் ஒருவர் கூட வர, வாசலில் ஏறி வெற்றிலை பாக்கு வைத்துச் சொன்னால்தான் அழைப்பு. பத்திரிகையைத் தபாலில் போட்டுவிட்டு எதிர்பார்த்தால் உங்கள் பந்தி காலியாகத்தான் கிடக்கும்.

யாருக்குக் கல்யாணம் என்று கேட்டேன். கல்யாணம் இல்லை சித்தி, வெள்ளம் என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் பையைக் கட்டினேன். அந்த வீடு திருவட்டாறில் என்று சொல்லியிருந்தாளே.

மதுரை மாட்டுத்தாவணியில் காலை ஆறே காலுக்குப் பஸ். நாகர்கோவில் வரை சுமார் 240 கிலோமீட்டர், டிக்கெட் 250 ரூபாய். பதினொன்றரைக்கு இறங்கினேன். ஆரல்வாய்மொழி தாண்டும்போது ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தால் காற்றாலைகளும் மலையும் சேர்ந்து வரும்; தூங்கிவிடாதீர்கள். நாகர்கோவிலிலிருந்து கொட்டாரத்துக்குப் பதினான்கு கிலோமீட்டர். டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். கொட்டாரம் முக்கில் பழம்பொரியும் சாயாவும் முப்பது ரூபாய். சாயா பாயசம் மாதிரி இருந்தது, அதைப் பற்றி இதற்கு மேல் எழுதினால் அங்கே எனக்கு உறவு மிஞ்சாது.

அக்கா வீட்டில் பித்தளைத் தட்டு துலக்கி வைத்திருந்தார்கள். வெற்றிலை, பாக்கு, பழம், கொஞ்சம் பிச்சிப்பூ. அத்தான் எங்களைப் பார்த்ததும் வயலுக்குப் போக வேண்டும் என்று எழுந்துவிட்டார். கும்பப்பூ, அதாவது இரண்டாம் போக நெல் நடவு நேரம், உண்மைதான். ஆனால் அவர் செருப்பைத் தேடிய வேகத்தைப் பார்த்தால் நடவு அவசரம் மாதிரி தெரியவில்லை. அத்தான்தான் ஊர்க் கமிட்டித் தலைவர். மறுநாள் நாங்கள் இருவரும் பஸ் ஏறிய பிறகுதான் சுபா முழுக் கதையையும் சொன்னாள். நாகர்கோவிலிலிருந்து தக்கலை பதினைந்து கிலோமீட்டர், அங்கே பஸ் மாறி இன்னும் பன்னிரண்டு. கதைக்குத் தூரம் சரியாக இருந்தது.

போன ஐப்பசியில் விடாமல் மழை. ஊருக்கு மேலே உள்ள குளம் நிரம்பிக் கரை கசிய ஆரம்பித்திருக்கிறது. கீழத்தெரு பள்ளம். கரை உடைந்தால் முதல் தண்ணீர் அங்கேதான். வருவாய்த் துறையிலிருந்து அதிகாரி வந்து அவசரக் கூட்டம் போட்டிருக்கிறார். இம்மாதிரிக் கூட்டங்களில் இளைஞர்களையும் சேர்க்க வேண்டும் என்று மேலிருந்து உத்தரவாம். சுபாவையும் அவள் கூட்டாளிகள் மூவரையும் முன்வரிசையில் உட்கார வைத்தார்கள். போட்டோ எடுத்தார்கள். கீழத்தெருக்காரர்களை ஊர் மண்டபத்தில் தங்கவைப்பது என்று முடிவானது.

மண்டபம் மேட்டில் இருக்கிறது, புதிது, ஜெனரேட்டர் உண்டு. ஒரு சங்கடம்தான். அது அத்தானுடைய சமுதாயத்து மண்டபம். கீழத்தெரு ஆட்கள் அங்கே பந்தல் போட வருவார்கள், பாத்திரம் கழுவ வருவார்கள். உட்கார்ந்து சாப்பிட யாரும் அவர்களை அழைத்தது கிடையாது. இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது, எங்கள் குடும்பமும் அந்தப் பந்தியில் சாப்பிட்ட குடும்பம்தான்.

சுபா எழுந்து, கீழத்தெருவில் நாற்பது வீடு இருக்கிறது, எங்கள் நாலு பேருக்கு ஒரு மத்தியானம் கொடுங்கள், வீடு வீடாகப் போய் விளிக்கிறோம், கமிட்டிப் பெரியவர்கள் இரண்டு பேர் கூட வந்தால் போதும் என்று கேட்டிருக்கிறாள். அதிகாரி, மைக் கட்டின ஆட்டோ போகிறதே அம்மா என்றார். அத்தான் எல்லார் முன்னாலும் சிரித்துக்கொண்டே சொன்னாராம்:

"விளிச்சுக் கூட்டிட்டு வாறதுக்கு இது என்ன கல்யாண வீடா பிள்ளே?"

கூட்டமே சிரித்திருக்கிறது. பிள்ளைகள் மழையில் நனைய வேண்டாம், ரொட்டிப் பாக்கெட் கட்டட்டும் என்று நாலு பேரையும் பின்கட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு மற்றதைப் பேசினார்கள். முன்வரிசை நாற்காலி போட்டோவோடு சரி.

ஆட்டோ போனது. பொதுமக்கள் அனைவரும் மண்டபத்தில் தங்கிக்கொள்ளலாம் என்று இரண்டு தடவை கீழத்தெருவில் சுற்றியது. ஒரு ஆள் வரவில்லை. பொதுமக்கள் என்றால் யார்? அப்படி ஒரு பெயர் அங்கே யாருக்கும் கிடையாது. மண்டபத்தில் கட்டிவைத்த ரொட்டி அப்படியே கிடந்தது. வராதவர்களுக்குத் திமிர் என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். விடியற்காலையில் கரை உடைந்தது. தெருவே ஓடி மேட்டுக்கு வந்தது. கடைசி வீட்டு நாகம்மை மட்டும் இடுப்பளவு தண்ணீரில் படியில் சறுக்கி விழுந்துவிட்டார்.

நாகம்மையை எனக்கும் தெரியும். முக்கில் காலையில் புட்டும் பயறும் விற்பவர். ஒண்டிக்கட்டை, ஒரே மகளைத் திருவட்டாறில் கொடுத்திருக்கிறது. அக்கா வீட்டுக்கு வந்தால் அவர் புட்டு தின்னாமல் நான் ஊர் திரும்பியதில்லை. "மதுரைக்காரி வந்தாச்சு, தேங்கா கூடப் போடணும்" என்பார். இடுப்பு எலும்பு முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து, இப்போது மகள் வீட்டோடு இருக்கிறார். நடக்க முடியவில்லை. இதை எனக்கு ஒரு வருடமாக யாரும் சொல்லவில்லை. புட்டுக்கடை ஏன் இல்லை என்று கேட்டபோது அக்கா பேச்சை மாற்றினாள்.

இந்த வருடம் வெள்ள நேரத்துக்கான குழுவைப் போட்டபோது சுபாவுக்கும் இன்னொரு பையனுக்கும் பேசவும் முடிவெடுக்கவும் உரிமையுள்ள இடம் கொடுத்திருக்கிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். மழைக்கு முன்னாலேயே நாற்பது வீட்டையும் விளிப்பது என்று முதல் கூட்டத்திலேயே முடிவு செய்தார்கள். சுபா தட்டோடு கீழத்தெருவில் இறங்கினாள். முதல் வீட்டிலேயே வெற்றிலையை வாங்கவில்லை. முதலில் நாகம்மையை விளித்துவிட்டு வா, அவள் வெற்றிலை எடுத்தால் பிறகு நாங்கள் எடுக்கிறோம் என்று தெருவே சொல்லிவிட்டது.

ஆக, நாகம்மை மாட்டேன் என்றால் இந்த மழைக்கும் நாற்பது வீடு பள்ளத்திலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குத்தான் இந்தத் தட்டு, அதற்குத்தான் நான். விளங்கியதும் பஸ்ஸிலேயே தட்டில் இருந்த பழத்தில் ஒன்றை எடுத்துத் தின்றுவிட்டேன். சுபா முறைத்தாள், திருவட்டாறில் இறங்கி வேறு வாங்கி வைத்தோம், ஒரு சீப்பு ஐம்பது ரூபாய்.

கோவிலுக்குப் போய்விட்டு நாகம்மை வீட்டுக்குப் போகலாம் என்றேன். விளிப்பு உச்சிக்கு முன்னால் நடக்க வேண்டும் என்று அவள் பிடிவாதம். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஆட்டோவுக்கு எண்பது ரூபாய். ரப்பர் மரங்களுக்கு நடுவே இறங்கும் பாதையில் ஓட்டு வீடு. ஓட்டுநர் தட்டைப் பார்த்து, "பெண்ணுக்கா பையனுக்கா?" என்று கேட்டார். மழைக்கு என்று நான் சொன்னேன். அவர் கண்ணாடியில் என்னை ஒரு தடவை பார்த்தார்.

நாகம்மை முன்னறைக் கட்டிலில் சாய்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் மதுரைக்காரியா என்று சிரித்தார். தட்டைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. சுபா முறைப்படி தட்டை நீட்டி, மழை வந்தால் மண்டபத்துக்கு வர வேண்டும் என்று சொன்னாள்.

நாகம்மை தட்டைத் தொடவில்லை. போன வருடம் அன்றைக்கு என்ன செய்தார் என்று மெதுவாகச் சொன்னார். ஆட்டோ போனதைக் கேட்டிருக்கிறார். மண்டபம் திறந்திருக்கிறது என்று தெரிந்திருக்கிறது. நல்ல சேலை ஒன்றை எடுத்து உடுத்தியிருக்கிறார். ரேஷன் கார்டையும் கம்மலையும் மஞ்சப்பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு, விளக்கேற்றி, வாசலுக்கு நேரே உட்கார்ந்திருக்கிறார். யாராவது வருவார்கள் என்று.

"கல்யாணத்துக்குத்தான் விளிக்கல்ல. வெள்ளத்துக்காவது விளிப்பாவன்னு இருந்தேன் மக்கா."

சுபா அழுதுவிட்டாள். நானும்தான். அன்றைக்கே நாங்கள் வருகிறோம் என்று கேட்டோம், விடவில்லை என்று சுபா சொன்னாள். நாகம்மைக்கு அது தெரிந்திருந்தது. பின்கட்டில் ரொட்டி கட்டின பிள்ளைகள்மேல் அவருக்கு வருத்தம் இல்லையாம். பிறகு தட்டிலிருந்து வெற்றிலையை எடுத்தார்.

"இது தெருவுக்கு. நாகம்மை வாங்கிட்டான்னு போய்ச் சொல்லு, எல்லாவனும் வருவான். எனக்குள்ளத ஒங்கப்பன் வந்து விளிக்கட்டு."

நடக்க முடியாதவரை எப்படிக் கூட்டிப்போவது என்றெல்லாம் நாங்கள் கேட்கவில்லை. மகள் கருப்பட்டிக் காப்பி கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தோம். கோவில் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது நடை சாத்திப் பத்து நிமிடம் ஆகியிருந்தது. சாயங்காலம் ஐந்து மணி வரை காத்திருக்கலாம் என்று சுபாவே சொன்னாள். எனக்கு மனசில்லை. உயரமான கல்படிகளைக் கீழே நின்று பார்த்துவிட்டுத் தக்கலை பஸ்ஸைப் பிடித்தோம்.

பஸ்ஸில் அத்தான் போன் செய்தார். வெற்றிலையை வாங்கினாளா என்று மட்டும் கேட்டார். வாங்கினார் என்றாள் சுபா. நாகம்மை சொன்ன மற்றதையும் சொன்னாள். நடவு முடியட்டும் பார்ப்போம் என்று அவர் வைத்துவிட்டார். அத்தான் கெட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிச் செலவு முழுவதும் அவர்தான் கட்டினாராம், ஆள் விட்டு. போய் நிற்கத்தான் முடியவில்லை. ஒரு கூட்டத்தில் மகள் சொன்னதைக் கேட்டுச் சிரிக்காமல் இருந்திருந்தால் இன்றைக்கு முக்கில் புட்டு ஆவி பறந்துகொண்டிருக்கும். அவசரக் காலத்தில் பிள்ளைகளைப் பக்கத்தில் உட்கார வைப்பது போட்டோவுக்கு இல்லை என்று நான் நீட்டி முழக்க வேண்டியதில்லை.

போகிறவர்களுக்கு: ஆண்கள் சட்டையைக் கழற்றித்தான் கோவிலுக்குள் போக வேண்டும், வேட்டி நல்லது. பகலில் நடை சாத்துவதற்குள் போய்விடுங்கள், பதினொரு மணிக்கு அங்கே இருந்தால் நிம்மதி. சாயங்காலம் ஐந்துக்குத் திறக்கிறார்கள். பெருமாள் பெரிய உருவம், மூன்று வாசல் வழியாகத்தான் முழுதாகத் தெரிவார் என்கிறார்கள், நான் பார்க்கவில்லை. ஐப்பசி, கார்த்திகையில் குடை இல்லாமல் அந்த மாவட்டத்தில் கால் வைக்காதீர்கள்.

இதை எழுதும்போது சுபா போன் செய்தாள். நாற்பது வீட்டிலும் வெற்றிலை வாங்கிவிட்டார்கள். நடவு முடிந்து ஒரு வாரம் ஆகிறது. மழை தொடங்கிவிட்டது. அத்தான் இன்னும் திருவட்டாறு போகவில்லை. பஸ், ஆட்டோ விவரமெல்லாம் மேலே எழுதியிருக்கிறேன். அவருக்கும் சேர்த்துத்தான்.