கறுப்புத் திரையில் இரண்டு வரிகள்

எங்கள் கணினியைப் போட்டதும் கறுப்புத் திரையில் இரண்டு வரிகள் வரும். ஒரே பெட்டிக்குள் இரண்டு இயங்குதளங்கள்: மேல் வரி என் லினக்ஸ், கீழ் வரி அண்ணனின் விண்டோஸ். பத்து விநாடிக்குள் அம்புக்குறியைத் தட்டாவிட்டால் அது தானாக என் பக்கம் போய்விடும். அப்படி அமைத்தது நான்தான். பண்டாரவளையில் ஆறு மாதம் கணினி வகுப்புக்குப் போய்வந்த கொழுப்பு. அண்ணன் தேநீரை எடுத்துக்கொண்டு வந்து உட்காருவதற்குள் பத்து விநாடி ஓடிவிடும். "மறுபடியும் ஒன் பக்கம் போயிருச்சு பாரு" என்று தலையில் அடித்துக்கொள்வார். அன்று முழுக்கச் சிரிக்க எனக்கு அது போதும்.

ஹாலிஎலவுக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில், அப்போது வேறு எந்த வீட்டிலும் கணினி கிடையாது. அண்ணன் பதுளையில் ஒரு தொலைபேசிக் கடையில் வேலை செய்தார். முதலாளி புதிது வாங்கியபோது பழையதை இவரிடம் தள்ளிவிட்டார். வெளிநாட்டுக்கு வீட்டுவேலைக்குப் போன பெண்களின் தாய்மார் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அண்ணன் கடிதத்தைத் தமிழில் தட்டுவார். அவருடைய கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும், அதனால் எல்லாமே கணினியில்தான். மறுநாள் கடையில் அச்செடுத்துத் தபாலிலும் போட்டுவிடுவார்.

நான்கே நாள் காய்ச்சல். ஐந்தாம் நாள் அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்து கிடத்தினார்கள். நான் அழவில்லை. பாய் விரித்தேன், வந்தவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன், கோப்பைகளைக் கழுவினேன். "நெஞ்சழுத்தக்காரி" என்று ஒருத்தி சொன்னது காதில் விழுந்தது. சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன். உண்மையில் எனக்கு எதுவுமே தோன்றவில்லை. உடம்பு தன்பாட்டில் வேலை செய்துகொண்டிருந்தது.

கருமாதி முடிந்து ஒரு மாதம் போயிருக்கும். கணினியில் என் பக்கத்தில் இடம் நிறைந்துவிட்டது. என் பக்கத்திலிருந்தே அண்ணனின் கோப்புகளைப் பார்க்க முடியும். இரண்டு மூன்றைத் திறந்தேன். ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் அரிசியும் கல்லுமாகக் கலந்து கிடந்தன. ஒரு சொல்லும் சொல்லாக இல்லை. வைரஸ் புகாத கணினி பதுளையில் அப்போது அபூர்வம். இதையும் தின்றுவிட்டது என்று முடிவுகட்டினேன். எந்தக் கோப்பையும் அடிவரை இறக்கிக்கூடப் பார்க்கவில்லை. அண்ணனின் பகுதியை முழுவதுமாக அழித்து என்னுடையதோடு சேர்த்துவிட்டேன். வீடு கூட்டுவதுபோலத்தான் அதையும் செய்தேன்.

அடுத்த வாரம் லயத்தின் கடைசிக் காம்பராவில் இருக்கும் அக்கா வந்தார். கொழுந்து பறித்துவிட்டு நேரே வந்திருந்தார், இடுப்பைச் சுற்றிக் கட்டிய படங்குச் சேலையைக்கூட அவிழ்க்கவில்லை. அவருடைய மகள் லெபனானுக்குப் போய் ஒன்றரை வருடம். வேலை செய்யும் வீடு மாறிவிட்டதாக ஒருமுறை அண்ணனின் கடைக்குப் பேசியிருக்கிறாள். அதன்பிறகு பேச்சுமில்லை, கடிதமுமில்லை.

"தங்கச்சி, மக அட்ரஸ எடுத்துக் குடும்மா. புது அட்ரஸ தம்பிதான் போன்ல கேட்டுக்கிட்டு வந்துச்சு. கடுதாசிக்கு அடியில இங்கிலீசுல அடிச்சிச்சு. தாள்ல இருந்தா தொலஞ்சிரும்க்கா, பொட்டிக்குள்ள இருந்தா பத்திரம்னு சொன்னுச்சு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் காலத்தில் கணினித் தமிழ் என்பது ஆங்கில எழுத்துக்கு மேலே போர்த்திய சட்டைதான். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் வெறும் ஆங்கிலக் கிறுக்கல். எழுத்துரு அண்ணன் பக்கத்தில் இருந்தது, என் பக்கத்தில் இல்லை. இதை வகுப்பில் முதல் மாதமே சொல்லித்தந்திருந்தார்கள். நான் அழித்தது வைரஸை அல்ல, அத்தனை தாய்மாரின் கடிதங்களையும். இந்த அக்காவின் மகள் எங்கே இருக்கிறாள் என்பது அவற்றில் ஒன்றின் அடியில் இருந்தது.

கணினியைப் போட்டேன். இரண்டு வரிகள் வரவில்லை. நேரே என் பக்கம் வந்து நின்றது. அக்கா வாசலில் நின்றபடியே திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணன் அழிச்சிட்டாருக்கா" என்றேன். "படுக்கிறதுக்கு முந்தியே எல்லாத்தயும் அழிச்சிட்டாரு."

குரல்கூட நடுங்கவில்லை. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுத்தார். பிறகு, "காச்சல்ல என்ன நெனவுல செஞ்சிச்சோ, பாவம். போன புள்ளயக் கொற சொல்லக் கூடாது" என்றார். நான் தேநீர் வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாமென்று போய்விட்டார்.

மகளிடமிருந்து சேதி எதுவும் வரவில்லை. நானும் யாரிடமும் உண்மையைச் சொல்லவில்லை. அக்கா மட்டும் எங்கள் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அண்ணனின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்பார்.

"ஒன் மேல கோவமில்ல தம்பி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருவார்.