அக்கா கேட்ட குலா

கணவனோடு வாழப் பிடிக்காத பெண் தானாகவே விலகிக்கொள்ளக் கேட்கலாம். அதற்குக் குலா என்று பெயர். மார்க்கம் கொடுத்த உரிமை அது. எங்கள் அக்கா அதைத்தான் கேட்டாள். ஆனால் எங்கள் ஊரில் அதை முடித்துக் கொடுப்பது பள்ளிவாசல் ஜமாத். அங்கேதான் வினை.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் மதரஸா கூடத்தில் விசாரணை என்றார்கள். அன்றைய பயான் நல்லாட்சியைப் பற்றி. ஆள்பவன் எளியவனின் குரலைக் கேட்க வேண்டும், தீர்ப்புச் சொல்பவன் இரண்டு பக்கமும் விசாரிக்க வேண்டும் என்று இமாம் ஹஸ்ரத் உருகி உருகிப் பேசியது ஒலிபெருக்கியில் எங்கள் வீடு வரை கேட்டது. எனக்கு நம்பிக்கைகூட வந்தது. அவ்வளவு மக்கு நான்.

அன்றைக்குப் பார்த்துப் பௌர்ணமி. கிரிவலக் கூட்டத்தில் ஆட்டோ நுழையாது என்று அக்காவை நடத்தியே கூட்டிப் போனோம். கீழ்பென்னாத்தூரில் அவளைக் கட்டிய மச்சான் அடித்ததில் தாடை எலும்பு உடைந்திருந்தது. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். கஞ்சியைக்கூட உறிஞ்சித்தான் குடித்தாள்.

கூடத்தின் குறுக்கே பச்சைத் திரை. இந்தப் பக்கம் அம்மாவும் அக்காவும் நானும். அந்தப் பக்கம் ஹஸ்ரத்தும் மச்சானும் கமிட்டி ஆண்களும். அத்தா மௌத்தாகி, அப்பா இல்லாத வீடு என்பதால் சித்தப்பாதான் எங்களுக்காகப் பேசினார். தாடை உடைந்ததைச் சொன்னால் குடும்பத்துக்குக் கேவலம் என்று, "பொண்ணுக்கு வாழ இஷ்டமில்லைங்க" என்று மட்டும் முனகிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

"பொண்ணே அவ வாயால சொல்லட்டும்" என்றார் ஜமாத் தலைவரான முத்தவல்லி. "இன்னாம்மா வேணும் உனக்கு? பயப்படாம சொல்லு."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து நெரித்தாள். நான் பொறுக்க முடியாமல் கத்தினேன். "அவளால பேச முடியாதுங்க. தாடை உடைஞ்சிருக்கு. குலாதான் கேக்குறா."

"உன்னை யாரும் கேக்கல" என்று வெட்டினார் முத்தவல்லி.

"பாத்ரூம்ல வழுக்கி வுழுந்துட்டா. அடி கம்மிதாங்க" என்றது மச்சானின் குரல்.

முத்தவல்லி மறுபடி கேட்டார். மறுபடியும் அமைதி. கமிட்டிக்காரர் ஒருவர் சாவகாசமாகச் சொன்னார்: "நிக்காஹ்ல பொண்ணு பேசாம இருந்தா சம்மதம்னுதானே எடுத்துக்குறோம்? இதுவும் அப்படித்தான். கூட வாழ சம்மதம்னு முடிச்சுடலாம்."

அது கல்யாணத்துக்கு வெட்கப்படும் கன்னிப் பெண்ணுக்கான சட்டம். ஒருமுறை வாழ்ந்தவள் வாய்விட்டுச் சொன்னால்தான் சம்மதம் என்றும் அதே கிதாபில் இருக்கிறது. அதை ஓதிக் கொடுப்பவரே ஹஸ்ரத்தான். அவர் வாயைத் திறக்கவில்லை. அவருடைய தாடை நன்றாகத்தான் இருந்தது.

நான் எழுந்து திரையைப் பிடித்து இழுத்தேன். வளையங்கள் கிறீச்சிட்டு ஒதுங்கின. அக்காவின் முகத்துணியை நானே தூக்கினேன். கன்னம் வீங்கி நீலம் பாரித்திருந்தது. லேசாக விரிந்த உதட்டுக்குள் கம்பி தெரிந்தது.

"இப்ப பாருங்க. நல்லா பாருங்க."

ஒருவரும் பார்க்கவில்லை. அந்நியப் பெண்ணைப் பார்க்கக் கூடாது என்று அத்தனை பேரும் ஒழுக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார்கள். தூக்கி வளர்த்த சித்தப்பாவும் குனிந்துகொண்டார். முத்தவல்லி பாயைப் பார்த்தபடியே, சமாதானமாகப் போகச் சொல்லித் தீர்ப்பை முடித்தார்.

நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தவர் மச்சான் ஒருவர்தான். கட்டிய மனைவியைப் பார்க்க அவருக்கு உரிமை இருக்கிறது. அவரோடுதான் அன்று சாயங்காலம் அக்காவைக் கூட்டம் தாண்டி நடத்தி வேன் ஏற்றி அனுப்பினார்கள்.